நாட்பழக்கமும் ஆள்வளர்ச்சியும்

ஒருவர் வாழ்க்கையில் உயர்ந்தார் என்று கேள்வியுறும்போது, அவ்வுயர்வுக்குக் காரணமாயமைந்த பெருநிகழ்ச்சி யாது என்று வினவுதலே நமது வழக்கம். பரீட்சையிலே முதன்மை பெற்றமை, நல்லாசிரியர் ஒருவர் வாய்த்தமை, செல்வர் ஒருவர் கைகொடுத்தமை என இன்னோரன்ன காரணங்களைத் தேடிக் கூறி அமைதியடைகின்றோம். விடியலில் எழுந்தது முதல் இரவிற் கண்துயிலும் வரை அவர் நாள்தோறும் செய்துவந்த சிறு காரியங்கள் எவை என்று கேட்பார் அரியர். அவை ஓசையின்றி நிகழ்வன. சொல்லிக் காட்டுதற்குச் சுவையில்லாதன. ஆயினும் ஆராயுமிடத்து, ஓர் ஆளை ஆக்குவனவும் அழிப்பனவும் பெரும்பாலும் அவையே என்பது புலப்படும். இதனை இயன்றவரை சான்றுகாட்டி விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஓர் எடுத்துக்காட்டினை நோக்குவோம். உயிர்களின் கூர்ப்புப் பற்றிய கொள்கையால் உலகப் புகழெய்திய சாள்ஸ் டார்வின், 1842 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரை விட்டு நீங்கி, அதற்கு அணித்தாயுள்ள டவுன் என்னும் சிற்றூரிற் குடியேறினார். அவ்வாண்டு டிசெம்பர் மாதத்திலே, தம் இல்லத்துக்கு அண்மையிலிருந்த புல்வெளி ஒன்றின் ஒரு பகுதியில் உடைத்த சுண்ணக்கற்களைப் பரப்புவித்தார். அவை காலப்போக்கில் எவ்வளவு ஆழம் புதையும் என்று காண்பதே அவர் கருத்து. கண்டாரா எனின், கண்டார். ஆனால் அதற்காக 29 ஆண்டுகள் காத்திருந்தார். 1871 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் அவ்விடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது, மேற்பரப்பிலிருந்து 7 அங்குல ஆழத்திலே சுண்ணக்கற்கள் வெள்ளைக் கோடு கிழித்தாற்போல அமைந்து கிடந்தன. அவற்றின்மேல் மண்ணைப் பரப்பியவை நாங்கூழ்ப் புழுக்கள். அவை நிலத்தினுள்ளே மண்ணை விழுங்கி, மேலே வந்து கழித்து, மீண்டும் உள்ளே செல்கின்றன. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழக் கால் அங்குலம். நாளொன்றுக்கு எவ்வளவு என்று கணிக்கப் புகின் அளவுகோலே பயன்படாது. ஆயினும் அவ்வுழைப்பினால் ஒரு வயலின் முகமே மாறிவிட்டது.

நாங்கூழ்ப் புழுக்களைப் பற்றி டார்வின் தமது முதற் கட்டுரையைப் புவிச்சரிதவியலார் சங்கத்திலே 1837 இற் படித்தார். அப்பொருள் பற்றிய நூலை வெளியிட்டது 1881 இல். அதற்கு அடுத்த ஆண்டு அவர் காலமானார். இடைப்பட்ட 44 ஆண்டுகளிலும் அவ்வெண்ணத்தை அவர் கைவிடவில்லை. இத்தனைக்கும் அவர் உடல்நலங் குன்றியவர். நாள் முழுவதும் உழைக்கும் ஆற்றல் அவருக்கு இருந்ததில்லை. காலைப் பொழுதிலே சில மணிநேரம் ஆராய்ச்சி, பின்னர்த் தம் தோட்டத்தை அடுத்த மணற்பாதையில் உலா, ஓய்வு, கடிதங்கள், குடும்பத்தாருடன் அளவளாவுதல் என்று அவரது நாள் ஒரே ஒழுங்கிற் கழிந்தது. கடற்பாறைகளில் ஒட்டிவாழும் ஒருவகைச் சிற்றுயிர்களை ஆராய்வதற்கு மாத்திரம் அவர் 8 ஆண்டுகள் செலவிட்டார். நலிந்த உடலும் குறுகிய வேலைநேரமும் உடைய ஒருவர் இத்துணைப் பணியினைச் செய்து முடித்தமைக்கு, மேதையோடு அந்நாளொழுங்கும் காரணமாம் என்பதை மறுத்தலாகாது.

நம்மவருள்ளும் இதற்குச் சான்றுண்டு. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதற் பட்டப் பரீட்சையிலே சித்தியெய்தியவர். அவருடைய வாழ்வின் பெரும்பகுதி அரசாங்க உத்தியோகத்திலும் நீதித்துறையிலும் கழிந்தது. அவ்வாறிருந்தும் 1881 இல் வீரசோழியத்தையும், 1887 இற் கலித்தொகையையும், வேறு பல பழந்தமிழ் நூல்களையும் ஏட்டிலிருந்து அச்சிலேற்றினார். தொட்டால் உதிரும் ஓலைகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, சிதைந்த எழுத்தை ஊகித்து, ஒரு சொல்லைத் தீர்மானித்தல் எத்துணை மெல்ல நடைபெறும் வேலை என்பது ஏடு பார்த்தோர்க்கே தெரியும். அத்தகைய பணி ஓரிரவின் உணர்ச்சிவேகத்தால் முடிவதன்று. உத்தியோகக் கடமைக்கு நடுவே எஞ்சிய பொழுதைச் சிதறவிடாத ஒருவராலேயே அது கைகூடும்.

இனி, இதற்கு உளநூலார் கூறும் காரணங்களைக் காண்போம். அமெரிக்க அறிஞராகிய வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளியிட்ட உளநூலிற் பழக்கத்துக்கெனத் தனி இயல் ஒன்றை வகுத்துள்ளார். அன்றாடக் காரியங்கள் எத்துணைக்கெத்துணை பழக்கத்தின் பொறுப்பில் ஒப்படைக்கப்படுகின்றனவோ, அத்துணைக்கத்துணை மனத்தின் உயர்ந்த ஆற்றல்கள் தத்தம் வேலைக்கு விடுதலை பெறும் என்பது அவர் கருத்து. எப்பொழுது எழுவது, எப்பொழுது படிப்பது என்று ஒவ்வொரு நாளும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியவன், தீர்மானிப்பதிலேயே தன் வலிமையை இழந்துவிடுகின்றான்.

ஜேர்மனி நாட்டு அறிஞர் எபிங்கவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, தம்மையே சோதனைப் பொருளாக்கி, நினைவின் இயல்பை ஆராய்ந்து 1885 இல் நூல் வெளியிட்டார். 12 அசைகள் கொண்ட தொடரொன்றை ஒரே நாளில் 68 முறை உருவேற்றியதனாற் கிடைத்த பயனை, மூன்று நாட்களிற் பகிர்ந்து 38 முறை உருவேற்றியதனாலேயே அவர் பெற்றார். பரீட்சைக்கு முதல்நாள் இராமுழுதும் விழித்திருக்கும் மாணவர் இவ்விரண்டு எண்களையும் தம் மேசையின் மேல் எழுதி வைத்தல் நன்று.

ஒரு பழக்கம் வேரூன்றுதற்கு எத்துணைக் காலம் வேண்டும் என்பதும் அளந்து பார்க்கப்பட்டுள்ளது. இலண்டனிலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றைச் சார்ந்த ஆய்வாளர் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2010 இல் வெளியாயிற்று. பங்குபற்றியோர் ஒவ்வொருவரும் மதிய உணவோடு நீரருந்துதல், மாலையுணவுக்கு முன் சிறிது ஓடுதல் போன்ற ஒரு சிறு செயலைத் தெரிந்துகொண்டு, 12 வாரங்கள் நாள்தோறும் செய்தனர். அச்செயல் முயற்சியின்றித் தானே நிகழும் நிலையை எய்துதற்கு வேண்டிய காலத்தின் நடுப்பெறுமானம் 66 நாட்கள் என்று கணிக்கப்பட்டது. ஆனால் ஒருவருக்கு 18 நாட்கள் போதுமாயிருக்க, வேறொருவருக்கு 254 நாட்கள் வேண்டும் என மதிப்பிடப்பட்டது. ஒரு மண்டலம் நோன்பிருந்தால் எதுவும் கைவரும் என்று எண்ணி, அது கைவராதபோது தம்மையே நொந்துகொள்வார்க்கு இவ்வேறுபாடு ஆறுதல் தரும். இடையில் ஒருநாள் தவறியமையாற் பழக்கம் பெரிதும் பாதிக்கப்படவில்லை என்பதும் அவ்வாராய்ச்சியின் முடிபாகும்.

ஈண்டு என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுதல் பிழையாகாதென எண்ணுகின்றேன். நான் ஆசிரியத் தொழிலில் அமர்ந்த பின்னர், வெளிவாரி மாணவனாகப் பதிந்துகொண்டு கலைப்பட்டப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தேன். முதன்முறை, பரீட்சைக்கு மூன்று மாதங்கள் இருக்கையிலே விழித்துக்கொண்டு, இரவு ஒரு மணிவரை படித்தேன். பகலில் வகுப்பிலே கண்ணெரிச்சலோடு நின்றேன். இரண்டு பாடங்களிற் தவறினேன். குறை கூறுதற்கு என்னையன்றி வேறெவரும் இலர். அடுத்த முறை விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, ஒரே ஒரு மணிநேரம் மாத்திரம் படிப்பதென்று வரையறுத்துக்கொண்டேன். ஐந்தரைக்குப் புத்தகத்தை மூடிவிடுவேன். விருப்பமிருந்தாலும் மேலும் படிப்பதில்லை. இரண்டாண்டுகள் இவ்வாறு கழிந்தன. பெற்றது சாதாரண சித்தியே. எனினும் அந்த ஒரு மணிநேரம் பரீட்சையோடு போய்விடவில்லை. இன்றும் அது என்னிடத்து இருக்கின்றது. பட்டத்தினும் பெரிய ஊதியம் அதுவே எனக் கருதுகின்றேன்.

நிற்க. பழக்கத்தை இவ்வாறு புகழுமிடத்து அறிவுடையோர் ஒரு தடை எழுப்புவர். பழக்கமென்பது எண்ணாமற் செய்வது. விழிப்பென்பது எண்ணிச் செய்வது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்லவா? நாள்தோறும் ஒரே காரியத்தைச் செய்பவன் செக்குமாடாகிவிடானா? என்பதே அத்தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. வாய் தேவாரம் ஓத, மனம் கடைக்கணக்குப் பார்த்தலை நம்மில் யார் அறியார்?

இம்முரணை நம் முன்னோர் அறியாதவரல்லர். வண்ணார்பண்ணையிலே 1848 இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், சைவ வினாவிடையில் நித்திய கருமத்துக்கெனத் தனி இயல் ஒன்று அமைத்தார். துயிலெழுதல், தூய்மை செய்தல், வழிபடுதல், உண்ணுதல் ஆகிய எளிய காரியங்களே அங்கு ஒழுங்குபடுத்தப்படுகின்றன. யோகநூலார் எட்டு உறுப்புக்களை வகுத்தபோது இயம நியமங்களை முதலில் வைத்து, தியானத்தை ஏழாவதாக வைத்தனர். புத்த சமயத்தாரும் நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல், உண்ணல் ஆகிய ஒவ்வொன்றிலும் நினைவோடிருத்தலைப் பெரும் பயிற்சியாகப் போற்றுவர். இவற்றை ஒருங்குவைத்து நோக்கின், பழக்கமும் விழிப்பும் பகையல்ல என்பது தெளிவாகும். பழக்கம் வாயிலைத் திறந்து விடுகின்றது. உள்ளே விளக்கேற்றுதல் விழிப்பின் கடமை. எந்நேரம், எவ்விடம், எதிலிருந்து தொடங்குவது என்பவற்றைப் பழக்கத்திடம் விட்டுவிடலாம். தொடங்கிய பின் செய்வதிற் கருத்திருக்கின்றதா என்று நோக்குதலை மட்டும் அதனிடம் விடலாகாது. வாயில் திறவாத வீட்டில் விளக்கேற்றுதல் இயலாது. வாயிலை மாத்திரம் திறந்துவைத்து இருளில் அமர்ந்திருத்தலும் பயனில்லை.

அவ்விளக்கை ஏற்றுதற்குரிய வழிகளுள் ஒன்று, நாளின் முடிவிற் தன்னைத் தான் கணக்குக் கேட்டலாகும். இதனை முறையாகக் கையாண்டவருள் அமெரிக்கப் பெரியார் பெஞ்சமின் பிராங்கிளின் குறிப்பிடத்தக்கவர். அவர் தமக்கு வேண்டிய நற்குணங்கள் 13 என வகுத்து, ஒரு சிறு குறிப்பேட்டிலே ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பக்கம் ஒதுக்கினார். வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு நிரல்கள் வரைந்து, தவறியவிடத்துக் கரும்புள்ளி இட்டார். வாரத்துக்கு ஒரு குணத்தில் தனிக்கவனம் செலுத்தினார். 13 வாரங்களில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்றுக்கள். தொடக்கத்திலே, தம்மிடத்துக் குற்றங்கள் தாம் எண்ணியதினும் மிகுதியாக இருத்தல் கண்டு அவர் வியந்தார். புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட, பின்னர் ஈரப்பஞ்சினால் துடைத்து எழுதத்தக்க யானைத்தந்த ஏடுகளைப் பயன்படுத்தினார். பொருள்களையும் பொழுதையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளும் குணம் அவருக்கு இறுதிவரை முற்றாகக் கைவரவில்லை. தமது 79 ஆம் ஆண்டிலே தன்வரலாறு எழுதியபோது இத்தோல்வியை அவர் மறைத்தாரில்லை. நிறைவை எட்டவில்லையெனினும் அம்முயற்சியினாலேயே தாம் மேம்பட்டவரும் மகிழ்ச்சியுடையவரும் ஆனதாக அவர் கூறுகின்றார்.

பிராங்கிளினைப் பற்றிப் படித்த பின்னர் நானும் ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கினேன். இரவில் மூன்று வரிகள் மாத்திரமே: இன்று செய்தது ஒன்று, தவறியது ஒன்று, நாளை செய்யவேண்டியது ஒன்று. ஒரு தவணை முடிந்தபின் அதனைத் திருப்பிப் படித்தேன். தவறியவற்றுள் ‘சினம்’ என்ற சொல் 17 இடங்களிற் காணப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை நாளின் கடைசிப் பாடவேளையில், ஒரே வகுப்பிலே, ஒரே மாணவனைக் குறித்து நிகழ்ந்தவை. அவன் அப்பாடவேளையிற் கண்ணயர்ந்துவிடுவான். அதனை அவமதிப்பென்று கருதி, வகுப்பார் சிரிக்கும்படி அவனைக் கடிந்துரைப்பேன். என்னைப் பொறுமையுள்ள ஆசிரியன் என்றே அதுவரை நான் நம்பியிருந்தேன். குறிப்பேடு வேறு கூறிற்று.

விடுமுறை கழிந்து பள்ளி தொடங்கியபோது அவன் வரவில்லை. விசாரித்தேன். நாள்தோறும் அதிகாலை மூன்று மணிக்குச் சந்தைக்குச் சென்று, தந்தையோடு மரக்கறி மூட்டை இறக்கிவிட்டே அவன் பள்ளிக்கு வந்தானாம். நான் எழுந்து புத்தகத்தைத் திறக்குமுன்னரே அவன் மூட்டை சுமந்திருக்கின்றான். குடும்பம் வேற்றூருக்குப் பெயர்ந்துவிட்டது. அவனை நான் மீண்டும் காணவில்லை. அக்குறிப்பேட்டை ஒரு தவணை முன்னதாகத் தொடங்கியிருப்பேனாயின், ஒரு நாளாவது அவனை அருகழைத்து, “தம்பி, இரவில் நித்திரை இல்லையா?” என்று கேட்டிருப்பேன். அவ்வொரு வினாவைக் கேட்பதற்குப் பட்டமோ பயிற்சியோ வேண்டியதில்லை. விழிப்பு ஒன்றே வேண்டும். அதுவே என்னிடத்து இல்லாதிருந்தது. ஆதலின், நாட்பழக்கமென்பது நம் முன்னேற்றத்துக்கு மாத்திரம் உரியதன்று; நம்மோடு வாழ்வாரை நாம் காணுங் கண்ணைத் துடைத்து வைப்பதும் அதுவே என்பதை அன்று உணர்ந்தேன்.

அம்மாணவனின் நினைவு இன்னொன்றையும் உணர்த்துகின்றது. விடியற்காலை ஒரு மணிநேர அமைதி எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஓரறை வீட்டில் அறுவர் வாழுமிடத்தும், வயிற்றுக்கு உழைத்த பின் பள்ளிக்கு வருமிடத்தும், பழக்கத்தைப் பற்றி உபதேசஞ் செய்தல் எளிது, கைக்கொள்ளல் அரிது. ஆதலின் ஒருவனிடத்து ஒழுங்கில்லை என்று பழிக்குமுன், அவனுக்குப் பொழுதும் இடமும் உண்டா என்று கேட்டல் ஆசிரியர் கடன்.

மாணவர்க்கு இறுதியாகச் சில கூறுவல். தொடங்கும் பழக்கம் மிகச் சிறியதாக இருத்தல் வேண்டும். நாளும் பத்துப் பக்கம் படிப்பேன் என்பதினும் இரண்டு பக்கம் படிப்பேன் என்பது நிலைக்கும். ஏற்கெனவே உள்ள ஒன்றோடு புதியதைப் பிணைத்தல் நன்று: முகங்கழுவியதும், விளக்கேற்றியதும், உண்டதும் என்று ஒரு குறி இருப்பின் மறதி நேராது. கைத்தொலைபேசியைப் படிக்கும் அறையிலிருந்து அகற்றி வைத்தல் வேண்டும். அதன் மணியோசை நம்மை அழைக்கும் ஒவ்வொரு முறையும், விட்ட இடத்தைத் தேடி மனம் மீண்டும் நடக்கவேண்டியிருக்கின்றது. ஒருநாள் தவறினால் மறுநாள் தொடர்க. தவறியதற்கு ஈடாக இருமடங்கு செய்ய முயலற்க. நாளில் ஒரு வேளையாவது உணவை உணவாகவே, வேறெதனையும் பாராது உண்ணுக. இரவிலே மூன்று வரி எழுதுக. அவற்றைப் பிறர்க்குக் காட்ட வேண்டுவதில்லை.

1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது நான் உங்களில் பலரை ஒத்த வயதினன். வீட்டை விட்டு நீங்கியபோது எதனை எடுப்பது, எதனை விடுவது என்று அறியாது திகைத்தோம். ஒதுங்கியிருந்த கொட்டிலில், பொழுதுபட்டதும் என் பாட்டியார் சாம் போத்தலிற் திரியிட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெயில் விளக்கேற்றுவார். திருநீறு பூசி, ஒரு பதிகம் பாடி, பின்னர், “பிள்ளையள், புத்தகத்தை எடுங்கோ” என்பார். வீட்டிலிருந்தபோது நாள்தோறும் அவர் செய்ததும் சொன்னதும் அதுவே. அங்கே புத்தகம் ஒன்றே ஒன்று இருந்தது, முறைவைத்துப் படித்தோம். வீடும் கிணறும் வளவும் பின்னே கிடந்தன. பாட்டியாரின் மாலைப்பொழுது மாத்திரம் எங்களோடு வந்திருந்தது.